ஏழாம் பக்கம்

தலைஞாயிற்றிலிருந்து போன்.
மாலை நாலே முக்கால்.
இ-சேவை மையத்தில் ஒன்பது பேர் வரிசை,
அதில் ஐந்து பேருக்குப்
பயிர்க்காப்பீட்டுக்கு இன்றே கடைசி.
"ஏழாம் பக்கத்துல நிக்கிறேன்" என்றாள் ஆரோக்கியசெல்வி,
இடுப்பளவு தண்ணீரில் நிற்பவள் குரலில்.

ஏழாம் பக்கம் நான் எழுதியது.
'இயல்புநிலை நுழைவாயிலை உள்ளமைத்து
இணைப்பைச் சரிபார்க்கவும்.'
திருவாரூரில், உரக்கடை மாடியில்,
மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து
ஒற்றுப்பிழைகூட இல்லாமல் எழுதியது.

"நுழைவாயில்னா எதுக்கா?
எங்களுக்கு ஒரே வாசல்தான்.
அதுலயும் ஆளு நிக்கிது."

அன்றிரவு பக்கம் முழுவதையும் அழித்தேன்.
டெல்டாவுக்குத்தானே எழுதுகிறோம்,
தண்ணீரைச் சொன்னால் புரியாதா?
ரவுட்டர் தலைமதகு.
கேபிள் கிளை வாய்க்கால்.
வயலுக்கு ஒரு மடை, கணினிக்கு ஒரு எண்.
எழுத எழுத எனக்கே கிறக்கம்.
இரண்டு மணிவரை கரை புரண்டது.
விடிந்ததும் அனுப்பினேன்.

பத்தே நிமிஷம்.
"அக்கா, நாங்க கடைமடை.
மேட்டூர்ல தொறந்தாங்கன்னு பேப்பர்ல படிப்போம்,
தண்ணிய எப்பவாச்சும் பார்ப்போம்.
நெட்டும் அப்படித்தானா?
நீடாமங்கலத்துக்காரங்க எடுத்தது போக மிச்சமா?"

இல்லை என்று சொல்லத் தொடங்கி
எப்படி என்று தெரியாமல் நிறுத்தினேன்.
தண்ணீர் போனால் போனதுதான்.
இது போய்ச் சேர்ந்ததும்
'வந்துவிட்டேன்' என்று திரும்பிச் சொல்லும்.
சொல்லவில்லையா, அனுப்பியவர் மறுபடி அனுப்புவார்.
எந்த மதகு அப்படி? எந்த அதிகாரி?

அழகாகத்தான் இருந்தது.
எடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை பஸ் ஏறினேன்.
பீரோவின் மேல் இருந்தது பெட்டி,
தூசியோடு, ஒரு பல்லி முட்டையோடு.
"நான் இல்லைன்னு நினைச்சுக்கிட்டுச் செய்" என்றேன்.
செல்வி பக்கத்தைப் புரட்டினாள்,
வளையலிலிருந்து ஊக்கைக் கழற்றினாள்,
பெட்டியின் முதுகில் இருந்த பொடித்துளையில் குத்தினாள்.
எல்லா விளக்கும் அணைந்தது.
"தேவைப்பட்டால் மீட்டமைக்கவும்னு போட்டிருக்கே.
எனக்குத் தேவைப்பட்டுச்சு.
இதோட நாலு தடவை."

கையைத் தட்டிவிடத் துடித்த கையை
முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு
பார்த்தேன்.
புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி வைத்தாள்.
என் படத்தில் இருந்த பெட்டி வெள்ளை,
அவளிடம் இருந்தது கறுப்பு,
அதனால் இது வேறு என்று
இரண்டு பக்கத்தைத் தாண்டிப் போனாள்.
யார்மேல் பிழை?

இப்போது ஏழாம் பக்கம் இப்படித் தொடங்குகிறது:
பெட்டி எந்த நிறமாகவும் இருக்கலாம்.
முதுகில் ஐந்து துளை, நான்கு மஞ்சள், ஒன்று நீலம்.
சுவரிலிருந்து வரும் கம்பி நீலத்தில்.
'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும்.
கேட்கவில்லை என்றால் இன்னும் நுழையவில்லை.
பொடித்துளையை நாங்கள் சொல்லும்வரை தொடாதீர்கள்.

'எளிதாக' என்ற சொல்
பதினோரு இடத்தில் இருந்தது.
பதினொன்றையும் பிடுங்கினேன், களை போல.
நுழைவாயிலை விடவில்லை;
திரையில் அது வந்தே தீரும்.
'உங்கள் கணினி வெளியே பேசுவதற்கு
முதலில் தட்டும் கதவின் எண்' என்று
பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்தேன்.

கடைசியில் இன்னொன்று:
'இதற்குப் பிறகும் சிவப்பே எரிந்தால்
தவறு உங்களுடையது அல்ல.
எங்கோ கம்பி அறுந்திருக்கும். கூப்பிடுங்கள்.'
மேலாளர் அமிர்தகடேசன் அடிக்கோடிட்டார்:
இது கையேடா, கடுதாசியா?
பதில் போடவில்லை.
வரியையும் எடுக்கவில்லை.

இன்று ஐந்தரைக்கு மறுபடி தலைஞாயிறு.
"பன்னிரண்டுல நிக்கிறேன்க்கா."
கணுக்கால் அளவுதான் இருக்கும்போல,
குரலை வைத்துப் பார்த்தால்.